நூற்றிப்பத்து கிலோ கந்தம்மாள்

என்ற ஊட்டுக்காரி கந்தம்மாளை எரிச்சு முப்பதாம் நாள் காரியமும் முடிஞ்ச மறுநாள், அவ பேருக்கு ஒரு கடுதாசி வந்துச்சுங்க. "தாங்கள் நல்ல நிலையில் உள்ளதை அறிந்து இம்மையம் மகிழ்கிறது" அப்படீன்னு ஆரம்பிச்சிருந்தாங்க. படிச்சுட்டுச் சிரிச்சேன். சிரிச்சுட்டு வாசல்லயே உக்காந்துட்டேன். அந்தக் கடுதாசி எதுக்கு வந்துச்சுன்னு சொல்லோணும்னா மொதல்ல இருந்து வந்தாத்தான் ஆகுமுங்க.

நான் சென்னியப்பன், ஆட்டையாம்பட்டி. ஒத்தை லாரி, நானே ஓட்டறது. ஜவ்வரிசி, முட்டை, மஞ்சள்னு எது கெடைச்சாலும் ஏத்துவேன். எண்பத்திரண்டுல கந்தம்மாளுக்கு மார்ல கட்டி வந்துச்சு. மெட்ராசுக்குக் கொண்டுபோனோம். மாரை அறுத்தாங்க, மேலயும் அடிவயித்துலயும் கரண்டு வெச்சாங்க, புத்துநோய் போயிருச்சுன்னாங்க. போனது நெசந்தான். ஆனா போறப்ப எலும்புக்குள்ள இருந்ததையெல்லாம் வழிச்சுக்கிட்டுப் போயிருச்சு. ஒரு நாள் குடத்தைத் தூக்குனா, மணிக்கட்டு முறிஞ்சுது. இன்னொரு நாள் தும்முனா, விலா எலும்பு விட்டுருச்சு.

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து போகோணும், பாலும் முட்டையும் குடுங்கன்னு மெட்ராசு டாக்டரம்மா சொன்னாங்க. நாமக்கல் சீமையில முட்டைக்கா பஞ்சம்? ஆனா கரண்டு வெச்ச வயித்துல முட்டையும் நிக்கலை, பாலும் நிக்கலை. எல்லாம் போன வழியே வந்துரும். அந்தம்மா குடுத்த டின்னு மாவு ஒண்ணுதான் நின்னுச்சு. எலும்புக்குன்னே செஞ்சு, வெளிநாட்டுல இருந்து தர்மத்துக்கு வர்ற மாவு. டின்னு ரெண்டரைக் கிலோ, மாசத்துக்கு ஒண்ணு. மூணு டின்னு உள்ள போனதும் என்ற ஊட்டுக்காரி செவுத்தைப் புடிக்காம நடந்தா. "இனி உங்க ஜில்லாவுலயே வாங்கிக்கலாம், சேலத்துல மையம் தொறந்திருக்காங்க"ன்னு டாக்டரம்மா சீட்டு எழுதிக் குடுத்தாங்க. அந்த மாவு கடையில கெடைக்காதுங்க. மையத்துலதான் வாங்கோணும்.

மாவட்ட ஊட்ட மறுவாழ்வு மையம்னு பேரு. அஸ்தம்பட்டியில பெரிய கட்டடம். எண்பத்தி மூணு ஆடியில ரெண்டு பேரும் போனோம். முன்னால வராந்தாவுல ஆள் எடை போடற மிஷினு ஒண்ணு, பட்டுத்துணி போத்தி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு நின்னுச்சு. நான் செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டேனுங்க. எடைப் பிரிவுல எழுத்தர் வெள்ளியங்கிரின்னு ஒருத்தரு. கந்தம்மா அதுல ஏறப் போனதும் ஓடியாந்து தடுத்தாரு.

"ஏறக்கூடாதும்மா! அது முத்திரை போடாத மிஷின். முத்திரை போட ஆள் வரச் சொல்லி எழுதியிருக்கோம்."

"எப்பங்க எழுதுனீங்க?"

"மிஷின் வர்றதுக்கு முன்னாடியே எழுதிட்டோம். எங்க பக்கம் தாமதமே கிடையாது."

எடைச் சீட்டு இல்லாம டின்னு இல்லைன்னுட்டாரு. அரிசிக்கடைத் தராசு செல்லாது, நோயாளி மேல ஏறி நிக்கிற மேடையா இருக்கோணும், சர்க்கார் முத்திரை இருக்கோணும். அப்படி ஒரு மேடை எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. நாமக்கல் ரோட்டுல மயில்சாமியோட லாரி எடைமேடை.

அங்கதானுங்க நான் தப்புப் பண்ணுனேன். என்ற கழுத்தை நானே அறுத்துக்கலாம் போல இருக்கும் இப்ப நெனைச்சா. எடைமேடையில டிரைவர் கீழ இறங்கற பழக்கம் எங்களுக்கில்லை. காலி வண்டிக்கும் உக்காந்தே இருப்போம், லோடு வண்டிக்கும் உக்காந்தே இருப்போம், கழிச்சா சரியாப் போயிரும். இருபது வருசமா அப்படித்தான். அன்னிக்குக் கந்தம்மா பக்கத்துச் சீட்டுல. மயில்சாமி ஐயாயிரம் கிலோன்னு படிச்சான். காலி வண்டிக்குத் தனியா எடை போடலை, ஆர்.சி. புக்கைப் பாத்து நாலாயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறைக் கழிச்சான். அந்தக் கணக்குல டிரைவர் கெடையாது. எனக்கும் தோணலை, அவனுக்கும் தோணலை. நூத்திப்பத்துன்னு எழுதி முத்திரை குத்தி நீட்டுனான். நான் பாக்காமயே பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். என்ற எடை அறுபத்தஞ்சு. அவ நாப்பத்தஞ்சு.

வெள்ளியங்கிரி சீட்டைப் பாத்தாரு, செவப்பு மசியெடுத்து எழுதுனாரு. "தொண்ணூறுக்கு மேல போனா எலும்புத் திட்டம் இல்லை. பருமன் பிரிவு. டின் கிடையாது. பட்டினி அட்டை தர்றேன்."

"ஏனுங்க, ஆளைப் பாருங்க!" அப்படீன்னு கத்துனேன். மணிக்கட்டுல கட்டோட குச்சியாட்டம் நிக்கிறா அவ. "அதுல என்ற எடையும் சேந்திருச்சுங்க!"

அவரு ஆளைப் பாக்கலை. எங்களை மைய இயக்குநர் கிட்டக் கூட்டிட்டுப் போனாரு. டாக்டர் தண்டாயுதபாணி. குடலைச் சுருக்கி உடம்பைக் குறைக்கிற ஆபரேசனை வெளிநாட்டுச் சீமையில போய்ப் பாத்துட்டு வந்தவரு. பாத்துட்டு வந்தாரே ஒழிய, செய்யறதுக்கு இங்க ஆள் சிக்கலை. எங்க பக்கம் அந்தளவுக்குத் தின்னு பெருத்தவங்க யாருங்க இருக்காங்க? சீட்டைப் பாத்ததும் மனுசன் எந்திரிச்சே நின்னுட்டாரு.

"சார், அவ நாப்பத்தஞ்சு கிலோதானுங்க. கண்ணால பாத்தாலே தெரியுது."

"கண்ணுக்கு முத்திரை போட்டிருக்கா?"

கந்தம்மாதான் மெதுவாச் சொன்னா. "சாமி, அது நானும் இவுங்களும் சேந்த எடைங்க. திருச்செங்கோட்டு மலையில ஆணும் பொண்ணும் ஒரே ஒடம்பா நிக்கிற சாமியாட்டம் ஆயிப்போச்சுங்க."

"மலை மேல இருந்தா சாமி. பதிவேட்டுல இருந்தா கொழுப்பு" அப்படீன்னாரு டாக்டர். அப்புறம் அவளைச் சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டு, "வெளியே தெரியவே இல்லையே. உள்ளடங்கிய பருமன்! இந்த நாட்டிலேயே முதல் கேஸ்" அப்படீன்னு வெள்ளியங்கிரி கையைப் புடிச்சுக் குலுக்குனாரு.

மறுபடியும் எடை போட்டுக்கிட்டு வாரேன்னேன். ஒரு சீட்டு நடப்புல இருக்கறப்ப இன்னொரு சீட்டு வாங்கறது குத்தமாம். மேல்முறையீடு போடுங்கன்னாங்க. போட்டேன். விசாரிக்க மூணு பேரு கமிட்டி. நோயாளி நேர்ல வரோணும்னு கடுதாசி வந்துச்சு, போனோம். வாசல்ல இருந்த ஆளு பதிவேட்டைப் பாத்தான், கந்தம்மாளைப் பாத்தான்.

"நோயாளி நூத்திப்பத்து கிலோன்னு போட்டிருக்கு. நீங்க யாரும்மா?"

"நாந்தானுங்க அவ."

"அப்படிச் சொன்னா உள்ள விட முடியாது. சொந்தக்காரங்கன்னா பாஸ் தர்றேன்."

கமிட்டி முன்னால கந்தம்மாளுக்குச் சொந்தக்காரியா கந்தம்மா உக்காந்தா. மூணு பேரும் கருணையாத்தான் பேசுனாங்க. "அவங்களுக்குக் கூச்சமா இருக்கும், வெளியே வரமாட்டாங்க. நீங்கதான் எடுத்துச் சொல்லிக் கூட்டி வரணும்" அப்படீன்னு ஒருத்தரு சொன்னாரு. பருமன் ஆளுக வீட்டுல ஒல்லியா இருக்கறவங்களுக்குச் சரியாச் சோறு கெடைக்கிறதில்லைன்னு இன்னொருத்தரு வருத்தப்பட்டாரு. மேல்முறையீட்டை, நோயாளி வராத காரணத்தால தள்ளிட்டாங்க.

லாரியில வர்றப்ப அவ சிரிச்சா. விலா வலிக்குதுன்னு கையால அமுக்கிக்கிட்டே சிரிச்சா. "ஏனுங்க, அவளுக்குப் பசிக்குமில்லீங்க? பட்டினி அட்டை குடுத்துட்டாங்களே."

அன்னிக்கு அது தமாசுதான். போகப் போகத் தமாசு கெட்டுப்போச்சுங்க. ஒரு மத்தியானம் நான் லோடு எறக்கிட்டு ஊட்டுக்கு வந்தேன். கந்தம்மா கட்டல்ல ஒரு ஓரமா ஒண்டிக்கிட்டுக் கெடந்தா. நடுவுல தாராளமா எடம் உட்டிருந்தா.

"ஏம் புள்ள ஓரத்துல கெடக்கறே?"

"அவ வந்தாளுங்க. உக்காந்ததும் கட்டலு கிறீச்சுன்னுச்சு. இப்பத்தான் எந்திரிச்சுப் போனா."

"யாரு?"

"நூத்திப்பத்து. பாவம், மொகத்துல பாதி என்னுது, பாதி உங்குளுது. மீசையில்லாத உங்க மொகம். என்ற டின்னை வாங்கித் தின்னுட்டயாடின்னு கேட்டனுங்க. எனக்குந்தான் குடுக்கலைன்னு அழுகறா."

புத்தி பேதலிக்குதுன்னு பயந்தேன். கட்டலைத் தடவிப் பாத்தேன். சூடா இருந்துச்சுங்க. சித்திரை வெய்யிலு, கட்டலு சூடாத்தான் இருக்கும். ஆனா நான் அதுல உக்காரலை, கீழதான் உக்காந்தேன்.

அதே சித்திரையில ஆபரேசனுக்குத் தேதி குறிச்சு உத்தரவு வந்துச்சு. ஆபரேசனுக்கு மொத நாள் புதுச் சீட்டு வாங்கியாரோணும்னு விதியாம். ஒம்போது மாசம் கேட்டுக் கெடைக்காத அனுமதி தானா வந்துச்சு. வண்டியை மேடையில ஏத்தி நிறுத்திட்டு, நான் குதிச்சு எட்டிப் போய் ரோட்டுல நின்னேன். அவ மட்டும் உள்ள. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தஞ்சு. மயில்சாமி ஆர்.சி. கணக்கைக் கழிச்சு நாப்பத்தஞ்சுன்னு எழுதுனான். "அண்ணா, அன்னிக்கும் இப்படி எறங்கச் சொல்லியிருக்கோணுமுங்ணா" அப்படீன்னான்.

சீட்டை எடுத்துக்கிட்டுப் பறந்தேன். சனியன் தொலைஞ்சுது, டின்னு வந்துரும்னு நெனைச்சேனுங்க.

டாக்டர் தண்டாயுதபாணி சீட்டை ரெண்டு தடவை படிச்சாரு. நாளைக்கு ஆபரேசன். பத்திரிகைக்குச் சொல்லியாச்சு, சாமியானா போட ஆள் வந்தாச்சு. மூஞ்சி இருண்டு போச்சு. கொஞ்ச நேரங் கழிச்சு வெளிச்சமாச்சு.

"நூத்திப்பத்து, நாப்பத்தஞ்சு. அறுபத்தஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு. இவ்வளவு குறையணும்னா அறுவை சிகிச்சையாலதான் முடியும். அப்ப அறுவை சிகிச்சை நடந்திருக்கு."

"எப்பங்க நடந்துச்சு?" வெள்ளியங்கிரியே கேட்டுட்டாரு.

"அது தேதிப் பிரச்சினை. வெற்றியில சந்தேகம் இல்லையே?"

"தழும்பே இல்லீங்களே சார்!" இது நான்.

"அதான்யா வெற்றி."

எடுத்த அறுபத்தஞ்சு கிலோவை என்ன பண்ணுனாங்கன்னு தணிக்கையில கேப்பாங்களாம். அதுக்கொரு கழிவுப் பதிவேடு. 'உலையில் இட்டு எரிக்கப்பட்டது'ன்னு எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என்கிட்ட நீட்டுனாங்க. கையெழுத்துப் போட்டாத்தான் டின்னைப் பத்திப் பேசலாம்னாரு வெள்ளியங்கிரி. போட்டேன். வெளிய வந்து கந்தம்மாகிட்டச் சொன்னதும் அவ என்ற கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

"அந்த அறுபத்தஞ்சு நீங்கதானுங்களே. உங்களை எரிச்சுட்டாங்களா?"

டின்னு அப்பவும் வரலை. குடல் சுருக்குனவங்களுக்கு ஒம்போது மாசம் சத்து மாவு குடுக்கக் கூடாதாம். அதுவும் விதி.

ஆவணியில மையத்துல, நடக்காத அந்த ஆபரேசனுக்குப் பாராட்டு விழா. மாவட்டத்துப் பெரிய ஆளுக எல்லாம் வர்றாங்க, அவங்க காதுல நம்ம சொல்லு விழுந்தா டின்னு கெடைக்கும்னு எனக்கொரு நப்பாசை. கந்தம்மா வரமாட்டேன்னா. "படியேற முடியாதுங்க, இடுப்பு என்னமோ பண்ணுது." நாந்தான் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன். இது ரெண்டாவது தப்பு.

மேடைக்குப் பக்கத்துல ஆளுயரத்துக்கு மூணு மடங்கு கட்-அவுட்டு. 'சிகிச்சைக்கு முன்'னு எழுதி, நூத்திப்பத்து கிலோ கந்தம்மாளை வரைஞ்சு வெச்சிருந்தாங்க. எங்க கல்யாணப் போட்டோவை அதுக்குத்தான் வாங்கிட்டுப் போயிருக்காங்க. கன்னத்துக்குச் சதை பத்தாம பெயிண்டரு என்ற தாடையைப் போட்டு உட்டிருந்தான். அவ சொன்ன மாதிரியே, பாதி அவ, பாதி நானுங்க.

"நாஞ் சொல்லலீங்களா, இவதான்" அப்படீன்னா கந்தம்மா. பயமில்லாம, பழகுனவளைப் பாக்கற மாதிரி பாத்தா.

டாக்டர் மைக்கைப் புடிச்சாரு. "பெரியோர்களே! நமது அறுவைக் கூடத்திற்கு இன்னும் விளக்கு பொருத்தப்படவில்லை. மேசை வந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையிலேயே இப்படி ஒரு சாதனை என்றால், விளக்கும் மேசையும் வந்துவிட்டால் எவ்வளவு சாதிப்போம்! கத்தியின்றி, ரத்தமின்றி, ஏன், நோயாளிக்கே தெரியாமல் இந்தச் சிகிச்சையைச் செய்திருக்கிறோம். இம்மையத்தில் இன்றுவரை ஒரு மரணம்கூட நிகழ்ந்ததில்லை. மரணத்திற்கென்று நம்மிடம் பதிவேடே கிடையாது என்பதைப் பெருமையோடு தெரிவிக்கிறேன்!"

ஒரே கைதட்டல். அதுக்கு நடுவுல அவளை மேடைக்குக் கூப்பிட்டாங்க. அஞ்சு மரப்படி. நான் தோளைத் தாங்கிக்கிட்டேன். நாலாவது படியில காலை வெச்சா, இடுப்புல மளுக்குன்னு ஒரு சத்தம். காஞ்ச முருங்கைக் கொம்பை ஒடிச்சா வருமே, அந்தச் சத்தம். கைதட்டல்ல வேற யாருக்கும் கேக்கலை. அவ என்ற மேல சாஞ்சா. சந்தோசத்துல மயக்கம் போட்டுட்டாங்கன்னு மைக்கில சொன்னாங்க, இன்னொருக்காக் கைதட்டுனாங்க.

இடுப்பு ஒடிஞ்சவ மறுபடி எந்திரிக்கலைங்க. எடப்பாடியில கட்டிக் குடுத்த பொண்ணு வந்திருந்து பாத்தா. நாலு மாசம் படுக்கை. கடைசியில மூச்சுல சளி கட்டிருச்சு. மார்கழியில ஒரு காலையில என்னைப் பக்கத்துல கூப்பிட்டா.

"ஏனுங்க, அன்னிக்கு எடைமேடையில எறங்காமப் போனோம்னு மனசை அறுத்துக்கிட்டே இருக்கீங்க. உடுங்க."

"எப்படி அம்மிணி உடறது?"

"நீங்க எறங்காதது நல்லதுதானுங்க. ஒரு சீட்டுலயாச்சும் ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தமில்ல."

அன்னிக்குச் சாயங்காலம் போயிட்டா.

இப்ப அந்தக் கடுதாசிக்கு வாரேன். 'தங்களது எடை நாற்பத்தைந்து கிலோவில் நிலைத்துள்ளதால், தாங்கள் பருமன் பிரிவிலிருந்து விடுவிக்கப்பட்டு, விண்ணப்பித்த நாள் முதல் எலும்பு ஊட்டத் திட்டத்தில் சேர்க்கப்படுகிறீர்கள். பதினெட்டு மாத நிலுவை டின்களை உடனே பெற்றுக்கொள்ளவும்.'

லாரியை எடுத்துக்கிட்டுப் போனேன். திட்டிட்டு வரோணும்னுதான் போனேன். செத்துப்போயிட்டான்னு வெள்ளியங்கிரிகிட்டச் சொன்னேன். அவரு நெசமாவே கண் கலங்குனாரு. கலங்கிட்டுச் சொன்னாரு: "எங்ககிட்ட அதை எழுத இடமில்லைங்க. பைலைப் பொறுத்தவரை அவங்க இருக்காங்க. எரிச்சது அந்த அறுபத்தஞ்சு கிலோவைத்தான், நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அது சரிதானுங்க. பைல்ல அவ உசுரோட இருக்கா, என்னைத்தான் எரிச்சிருக்காங்க. ஊட்டுலயும் அப்படித்தான் இருக்குது. அவ பொழங்குன சத்தம் எல்லாம் அப்படியே கேக்குது, நாந்தான் எங்க இருக்கறேன்னு தெரியலை.

ரெண்டரைக் கிலோ டின்னு பதினெட்டும் வெளிய வந்துச்சு. வேண்டாம்னு சொல்ல வாய் வரலைங்க. ஒண்ணு ஒண்ணாத் தூக்கி, அவ உக்கார்ற பக்கத்துச் சீட்டுல அடுக்குனேன். வளைவுல உருண்டுரக் கூடாதுன்னு அவ போத்துன போர்வையைப் போட்டு இறுக்கிக் கட்டுனேன். மைய வாசல் முக்குல அந்தக் கட்-அவுட்டு இன்னும் நின்னுச்சு. மழையில சாயம் போயி அவ பாதி அழிஞ்சுருச்சு, என்ற தாடை மட்டும் இருந்துச்சு.

நாமக்கல் ரோட்டுல எடைமேடையைக் கண்டதும் வண்டி தானா ஓரங்கட்டுச்சு. நாந்தான் திருப்பியிருப்பேன், தெரியலை. மேடை மேல ஏத்தி நிறுத்துனேன். மயில்சாமி வெளிய வந்தான். சுடுகாடு வரைக்கும் கூட வந்தவன் அவன். பக்கத்துச் சீட்டுல இருந்த டின்னுகளையும் போர்வையையும் பாத்தான்.

"அண்ணா, கீழ எறங்கிக்குங்க. இனிமே டிரைவரை எறக்கிட்டுத்தானுங்ணா போடறேன்."

"இல்லப்பா. ரெண்டு பேரையும் சேத்தே போடு."

அவன் உள்ள போனான். எடை பாக்கற தராசுக் கட்டையை நகத்தற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் ஆச்சு. மறுபடி ஒருக்கா நகத்துனான். அப்புறம் சன்னல் வழியா, என்ற மொகத்தைப் பாக்காமச் சொன்னான்.

"ஐயாயிரமுங்ணா."